விற்பதற்கு நாணுவதேன்?

நேபாள விமானக் கூட்டுத்தாபனத்தின் பணிப்பாளர் சபை 2020ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு முடிவு செய்தது. தன்னிடமிருந்த ஐந்து சீன விமானங்களை இனிப் பறக்கவிடுவதில்லை என்பதே அம்முடிவு. ஐந்தும் இரட்டை இயந்திர விமானங்கள். முப்பது வருடம் உழைத்துக் களைத்த கிழட்டு விமானம் அவற்றுள் ஒன்றேனும் இல்லை. மூத்ததே 2014ஆம் ஆண்டிலேதான் வந்திறங்கியது. ஆறு வருடத்துக்குள் அவை காத்மண்டு விமான நிலையத்தின் ஓரத்திலே வெயிலுக்கும் மழைக்கும் காட்சிப்பொருளாகி நின்றன. 2022ஆம் ஆண்டில் அவற்றைக் குத்தகைக்கு எடுப்பார் உளரோ என்று கேள்விப்பத்திரம் கோரப்பட்டது. எடுப்பார் இல்லை. பின்னர் விற்றுவிடுவோம் என்ற பேச்சு எழுந்தது. பேச்சு எழுந்த நாள் தொட்டு, விற்பதா, திருத்திப் பறக்கவிடுவதா, என்ன விலைக்கு விற்பது, விற்றால் பழி யாருக்கு என்ற வாதங்களும் கூடவே எழுந்தன.

பனிமலை நாட்டாரின் பழைய விமானங்களைப் பற்றி எமக்கென்ன கவலை என்று வாசகர் கேட்கலாம். கவலை உண்டு. பொதுமக்கள் பணத்தில் வாங்கிய பொருள் பழுதுபட்டால் அதனை எப்படி விற்பது என்பது எந்த நாட்டிலும் எழும் கேள்வி. அதனைச் சரியாக எதிர்கொண்ட அரசாங்கங்கள் மிகச் சிலவே. எமது தீவும் இவ்விருவகை விமானங்களையும் அறியும். எம்.ஏ.60, வை12 ஆகிய இரண்டும் இலங்கை விமானப்படையின் சேவையில் இடம்பெற்றவை. 2020ஆம் ஆண்டு தை மாதம் 3ஆம் திகதி அப்புத்தளையில் விழுந்து நான்கு உயிர்களைப் பலிகொண்ட விமானம் வை12 வகையைச் சேர்ந்ததே. ஆகவே அயலான் வீட்டு வழக்கு என்று இதனை ஒதுக்கிவிட எம்மால் முடியாது.

முதலில் வாங்கிய கதையைப் பார்ப்போம். 2012ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்தில் ஆறு விமானங்களுக்கு ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. ஐம்பத்தாறு ஆசனங்கள் கொண்ட எம்.ஏ.60 இரண்டு, பதினேழு ஆசனங்கள் கொண்ட வை12ஈ நான்கு. சீனா வழங்கிய உதவி மொத்தம் 40 கோடியே 80 இலட்சம் யுவான். இதில் 18 கோடி யுவான் நன்கொடை. அதைக்கொண்டு வகைக்கொன்றாக இரண்டு விமானங்கள் வந்தன. மீதி 22 கோடியே 80 இலட்சம் யுவான் சீன ஏற்றுமதி இறக்குமதி வங்கியின் கடன். அக்கடனில் வந்தவை மற்றை நான்கு. வட்டி நூற்றுக்கு ஒன்றரை வீதம். சேவைக் கட்டணமும் நிருவாகச் செலவும் வேறு.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பது எம்மவர் பழமொழி. நல்ல பழமொழிதான். ஆனால் ஒரு மாட்டைத் தானமாகத் தந்து, அதே பட்டியிலிருந்து இரண்டு மாட்டைக் கடனுக்குக் கட்டிவிட்டவனிடத்தில் அப்பழமொழி செல்லாது. அங்கே பல்லையும் பார்க்கவேண்டும், சுழியையும் பார்க்கவேண்டும், பால் கறந்தும் பார்க்கவேண்டும். நேபாளத்து அதிகாரிகள் தானத்தின் மரியாதையைக் கடனுக்கும் சேர்த்தே கொடுத்துவிட்டார்கள் என்பது எமது கருத்து.

விமானங்கள் வந்தன. உதிரிப்பாகம் வேண்டியபோது எளிதிற் கிடைக்கவில்லை. இவ்வகை விமானம் ஓட்டப் பயிற்சி பெற்ற விமானிகள் போதவில்லை. காப்புறுதிக் கட்டணம் மிகுந்தது. பறந்து ஈட்டிய வருமானம் பறக்கச் செய்த செலவுக்கே காணவில்லை. 2020ஆம் ஆண்டு பங்குனியில் வை12ஈ விமானமொன்று நேபாள்கஞ்சு விமான நிலையத்தில் விபத்துக்குள்ளாகிச் சேதமுற்றது. எஞ்சியவை ஐந்து. பறந்தால் நட்டம், நின்றாலும் நட்டம் என்ற நிலையில், நிற்கும் நட்டம் சிறிதென்று கணக்கிட்டு அவற்றை நிறுத்தினார்கள்.

இங்கேதான் வழக்கின் உயிர்நிலை இருக்கிறது. நிற்கும் நட்டம் சிறிது என்ற கணக்கு முதல் மாதத்துக்குச் சரி. பெட்டியிற் பூட்டிவைத்த நகை பத்து வருடத்தின் பின்னும் அதே பவுணாக இருக்கும். விமானம் அப்படியன்று. எமது கமக்காரரைக் கேட்டாற் சொல்வார்கள்: நீரிறைக்கும் இயந்திரத்தை இரண்டு போகம் இயக்காமல் கொட்டிலில் போட்டுவைத்தால் மூன்றாம் போகத்துக்கு அது எழும்பாது. இறப்பர் வளையங்கள் காய்ந்து வெடிக்கும். குழாய்க்குள் எண்ணெய் பிசினாகும். இரும்பைத் துரு தின்னும். விமானத்திலும் இவையே நிகழும், பன்மடங்கு செலவோடு நிகழும். அதன் பாகங்கள் பலவற்றுக்குப் பறந்த மணித்தியாலக் கணக்கு மட்டுமன்றி நாட்காட்டிக் கணக்கும் உண்டு. ஒரு மணித்தியாலமும் பறக்காவிட்டாலும் குறித்த வருடங்கள் கழிந்தால் கழற்றிச் சோதிக்கவேண்டும், அல்லது மாற்றவேண்டும். ஆகவே 2020இல் சில திருத்தவேலைகள் மட்டும் வேண்டிநின்ற விமானம், விற்பதா வேண்டாமா என்று சபை கூடிக் கலைந்துகொண்டிருந்த காலத்திலேயே, பெருந்திருத்தம் வேண்டிய விமானமாக மாறிக்கொண்டிருந்தது.

இனி, வாங்க வருபவன் எதனைப் பார்க்கிறான்? பூசிய வர்ணத்தைப் பார்ப்பதில்லை. பதிவேடுகளைக் கேட்கிறான். காணிக்கு உறுதி எப்படியோ விமானத்துக்குப் பதிவேடு அப்படி. எந்த நாளில் எந்தப் பாகம் மாற்றப்பட்டது, யார் கையொப்பமிட்டார், இயந்திரம் எத்தனை மணித்தியாலம் ஓடியது, கடைசியாக முழுதும் பிரித்துப் பூட்டியது எப்போது என்பனவெல்லாம் அதில் இருக்கவேண்டும். உறுதியில் ஒரு கை தவறிய காணி யாழ்ப்பாணத்தில் என்ன விலைக்குப் போகும் என்பதை வாசகர் அறிவர். பதிவேட்டில் ஒரு தாள் தவறிய இயந்திரத்தின் கதியும் அதுவே. அடுத்து, அவ்விமானம் எந்தெந்த நாட்டின் அங்கீகாரம் பெற்றது என்று பார்க்கிறான். எம்.ஏ.60 அமெரிக்க விமான அதிகாரசபையின் சான்றுப்பத்திரம் பெறாதது. ஆகவே வாங்கக்கூடியவர் தொகை தொடக்கத்திலேயே சுருங்கிவிடுகிறது. ஆயினும் இவ்விருவகையும் சுமக்கும் இயந்திரங்கள் கனடாவில் செய்யப்பட்டவை. அவற்றுள் வை12ஈ விமானத்தின் இயந்திரம் உலகெங்கும் பல சிறு விமானங்களில் ஓடும் குடும்பத்தைச் சேர்ந்தது. உடலை வாங்க ஆளில்லாதபோதும் இதயத்தை வாங்க ஆளிருக்கக்கூடும். விமானமாக விற்பதா, பாகம் பாகமாக விற்பதா என்பதைச் சந்தையே சொல்லட்டும் என்று இருவகைக்கும் ஒரே நாளில் கேள்வி கோருவதே புத்தி. ஆனால் தேசத்தின் கொடியைத் தாங்கிப் பறந்ததைப் பிரித்து விற்பதோ என்று மானம் குறுக்கே நிற்கும். அந்த மானத்துக்கு மாதந்தோறும் வாடகை கொடுப்பவர் பொதுமக்கள்.

சட்டத்துக்கு வருவோம். எமது நாட்டில் அசையும் பொருள்களின் விற்பனை 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச்சட்டத்துக்கு உட்பட்டது. 1893ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டத்தை ஒட்டி எழுதப்பட்டது அது. கொள்வோன் விழிப்பாயிருக்கக்கடவன் என்பது அதன் பொதுவிதி. விதிவிலக்குகளும் உண்டு. இன்ன தேவைக்கென்று சொல்லி, விற்பவனின் அறிவை நம்பி வாங்கினால், அப்பொருள் அத்தேவைக்கு உதவவேண்டும். ஆனால் வாணிகப் பெயரைச் சொல்லி, இன்ன பெயருடைய பொருளே வேண்டும் என்று கேட்டு வாங்கியவனுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. நேபாளத்துச் சட்டம் வேறு. ஆயினும் இந்த விதியில் உள்ள உலகியல் ஞானம் எந்த நாட்டுக்கும் பொருந்தும். எமது மலைகளுக்கு ஏற்ற விமானம் தாரும் என்று கேட்பது ஒன்று. இந்தப் பெயருடைய விமானம் ஆறு தாரும் என்று கேட்பது மற்றொன்று. பின்னதைக் கேட்டவன் வழக்குமன்றில் நெடுநேரம் நிற்கமாட்டான்.

விற்பவன் தரப்பில் ‘உள்ளது உள்ளபடி, உள்ள இடத்தில்’ என்றொரு வாசகத்தை எழுதிவிட்டால் எல்லாப் பொறுப்பும் கழன்றுவிடும் என்று எண்ணுவார் பலர். கழன்றுவிடாது. தெரியாத குற்றத்துக்கு அவ்வாசகம் கவசமாகலாம். தெரிந்தே மறைத்த குற்றத்துக்கு ஆகாது. பழைய உரோமாபுரியிலே சந்தை மேற்பார்வை செய்த அதிகாரிகள், அடிமையையும் மாட்டையும் விற்பவன் அவற்றின் நோயையும் குற்றத்தையும் வெளிப்படச் சொல்லவேண்டும் என்று கட்டளையிட்டார்கள். மனிதரை விற்ற அச்சந்தையை நாம் போற்றவில்லை. ஆனால் சொல்லி விற்கவேண்டும் என்ற அக்கட்டளை இரண்டாயிரம் வருடம் கடந்தும் சட்டநூல்களில் வாழ்கிறது.

சொல்லி விற்பது தருமம் மட்டுமன்று, இலாபமுமாகும். 1970ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொருளியலறிஞர் ஜோர்ஜ் அக்கர்லொவ் பழைய மோட்டார்க் கார்ச் சந்தையை எடுத்துக்கொண்டு ஓர் ஆய்வுரை எழுதினார். 2001இல் நோபல் பரிசு பெற்றவர்களுள் அவரும் ஒருவர். விற்பவனுக்குத் தெரிந்த குற்றம் வாங்குபவனுக்குத் தெரியாதவிடத்து, வாங்குபவன் எல்லாக் காரையும் கெட்ட காராகவே மதித்து விலை கேட்கிறான் என்பது அவர் காட்டிய உண்மை. இடது இயந்திரத்தில் இன்ன பழுது, திருத்த இவ்வளவு செலவு என்று எழுதிக் கொடுத்தால் அவ்வளவைத்தான் அவன் கழிப்பான். ‘சில திருத்தவேலைகள் உண்டு’ என்று மழுப்பினால் அவன் பாதியைக் கழிப்பான். பழைய உழவு இயந்திரம் வாங்கப் போன எந்தக் கமக்காரனுக்கும் இது நோபல் பரிசு இல்லாமலே தெரிந்த விடயம்.

அப்படியாயின் அரசாங்கங்கள் ஏன் விற்பதில்லை? எமது எண்ணம் இது. கோடிக்கு வாங்கியதை இலட்சத்துக்கு விற்றுக் கையொப்பமிட்ட அதிகாரியைக் கணக்காய்வாளர் கேள்வி கேட்பார்; பாராளுமன்றம் கேள்வி கேட்கும்; பத்திரிகைகளும், எம்மையுஞ் சேர்த்துத்தான், கேள்வி கேட்கும். விற்காமல் விட்ட அதிகாரியை ஒருவரும் கேட்பதில்லை. நிறுத்திவைத்த விமானம் கணக்குப் புத்தகத்திலே இன்னும் பழைய விலையோடு இருக்கிறது. விற்ற அன்றுதான் நட்டம் கண்ணுக்குத் தெரிகிறது. ஆகவே ஒவ்வோர் அதிகாரியும் தனக்குப் பின் வருபவனுக்கு அந்த விமானத்தை விட்டுச் செல்கிறான். இதில் ஊழல் தேடவேண்டியதில்லை. ஊழலற்றவரும் அஞ்சியே இதைச் செய்வர்.

திருத்திப் பறக்கவிடுவோம் என்று சொல்பவரை நாம் ஏளனஞ் செய்யவில்லை. அவர்கள் பக்கத்திலும் நியாயமுண்டு. நேபாளத்தின் மேற்கிலே ஹும்லா போன்ற மலைப்பிரதேசங்களில், தெருத் தொடர்பில்லாத நெடுங்காலம், அரிசியும் மருந்தும் ஆகாயவழியாகவே போய்ச் சேர்ந்தன. அத்தகைய ஊர்களுக்கு விமானம் ஆடம்பரமன்று. 1990 முதல் 2002 வரையும், பின்னர் 2006 முதல் 2009 வரையும் கண்டி வீதி அடைபட்டிருந்த காலத்தில், கப்பலையும் விமானத்தையும் பார்த்திருந்த யாழ்ப்பாணத்தாருக்கு இதனை விளக்கவேண்டிய அவசியமில்லை. ஆனால் அந்த மலைமக்களுக்கு வேண்டியது பறக்கும் விமானம். நின்ற ஐந்தையும் எழுப்பக் கொட்டும் பணத்தில், ஏற்கெனவே ஆங்கு பறந்து பழகிய, பாகமும் விமானியும் கிடைக்கக்கூடிய சிறு விமானம் ஒன்றை ஒழுங்காகப் பறக்கவைப்பது மேல். அது பழைய விமானமாயினும் குறைவில்லை. 1947ஆம் ஆண்டு மார்கழி 10ஆம் திகதி இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத் தன் முதற் சேவையைத் தொடங்கிய எயார் சிலோன், டக்கோட்டா விமானத்தைக் கொண்டே தொடங்கிற்று. யுத்தம் முடிந்தபின் உலகெங்கும் மலிவாகக் கிடைத்த இரட்டை இயந்திர விமானம் அது. பத்தாயிரத்துக்கு மேல் செய்யப்பட்டமையால் எந்த ஊரிலும் அதற்குப் பாகம் கிடைத்தது, திருத்தத் தெரிந்தவன் கிடைத்தான். பழையது என்பது குற்றமன்று. தனித்துப்போனது என்பதே குற்றம்.

விற்றாலும் சீனக் கடன் தீரப்போவதில்லை என்பதையும் மறைக்கவேண்டாம். வாங்கிய விலையில் சிறு பங்கே கைக்கு வரும். வட்டியும் முதலும் மக்கள் தலையிலேதான். இதனை அரசாங்கம் பாராளுமன்றத்திலே எழுந்து நின்று தொகையோடு சொல்லவேண்டும். விற்பவனையும் வாங்கியவனையும் ஒரே கூட்டில் ஏற்றும் வழக்கமும் ஒழியவேண்டும். பகிரங்க ஏலத்தில், சுயாதீன மதிப்பீட்டைப் பெற்று, நல்லெண்ணத்தோடு விற்ற அதிகாரிக்குச் சட்டம் பாதுகாப்பளிக்கட்டும்; 2012இல் தேர்வு செய்தவர்கள் எந்த ஆய்வின்மேல் தேர்ந்தார்கள் என்ற விசாரணை தனியே நடக்கட்டும்.

எமது தீவிலும் கூட்டுத்தாபன முற்றங்களிலும் திணைக்கள வளவுகளிலும் புல் முளைத்துக் கிடக்கும் இயந்திரங்கள் கொஞ்சமல்ல. அவற்றுக்கு நாம் கேட்பது பெரிதொன்றுமில்லை. நிறுத்தி ஒரு வருடம் கடந்த ஒவ்வோர் அரசாங்க ஊர்தியின், இயந்திரத்தின், விமானத்தின் பெயரும், நிறுத்திய திகதியும், அன்றிருந்த பழுதும், மாதந்தோறும் ஆகும் செலவும் அடங்கிய பட்டியல் ஒன்று வருடந்தோறும் பாராளுமன்றத்தின் மேசைக்கு வரவேண்டும். பட்டியலில் இரண்டாம் வருடமும் அதே பெயர் காணப்பட்டால், ஏன் விற்கவில்லை என்று பொறுப்பான அமைச்சர் எழுத்திலே பதில் தரவேண்டும்.