பத்து கேஜ் கம்பியும் பள்ளிக்கூட மைதானமும்

போன ஞாயிற்றுக்கிழமை ஊர்ப் பொதுக்கூட்டத்தில், கடற்கரை ரோட்டை ஒட்டியிருக்கும் பள்ளிக்கூட மைதானத்துக்கு வேலி போடுவது என்று முடிவாகிவிட்டது. வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டு வசூலிக்கப் போகிறார்கள். நல்ல காரியம். ஆடு மாடு நுழைகிறது, ராத்திரியில் பாட்டில் உடைக்கிறார்கள், வேலி வேண்டியதுதான். ஆனால் எஸ்டிமேட் என்று ஒரு தாளை நீட்டினார்கள் பாருங்கள்: ‘செயின்லிங்க், ஜி.ஐ., 10 கேஜ், 3 இன்ச் கட்டம், 5 அடி உயரம், எல் ஆங்கிள் போஸ்ட், 20 வருஷ கேரண்டி.’ அதில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். நான் போடவில்லை. “சார் எதுக்கெடுத்தாலும் குறுக்கதான் நிப்பாரு” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. வேறு விஷயமாக இருந்தால் விட்டுவிடுவேன். இதில் நிற்கத்தான் போகிறேன், ஏனென்றால் இதே தாளுக்கு நான் ஏற்கெனவே ஒரு தடவை பணம் கொடுத்திருக்கிறேன்.

2014-ல் ஓய்வு பெற்றேன். அடுத்த வருஷமே கிராஜுவிட்டி பணத்தில் ஒரு பகுதியை எடுத்து எங்கள் 40 சென்ட் மனைக்கு வேலி போட்டேன். சுற்றளவு 530 அடி. தென்கடல் அங்கிருந்து கூப்பிடு தூரம். அதற்கு முன்னால் அப்பா காலத்துக் கிளுவை வேலி இருந்தது, இடைவெளியில் பனையின் கருக்குமட்டை நட்டிருக்கும். பம்பாயிலிருந்து மகன் வந்தபோது “இன்னும் இந்தப் பட்டிக்காட்டு வேலிதானாப்பா?” என்றான். ரோஷம் வந்துவிட்டது. நாலு ஆளை விட்டு வேரோடு பிடுங்கினேன். கம்பி போட்டுக் கொடுத்தவர் என்னிடம் படித்த பையன். “சார், பத்து கேஜுன்னா யானையே கட்டலாம் சார்” என்றான். கம்பியும் வெள்ளிக் கொலுசு மாதிரி பளபளவென்று இருந்தது.

இரண்டாவது ஆடிக் காற்று முடிந்ததும் கட்டுக்கம்பிகள் கையோடு வந்தன. நாலாவது வருஷம் மண்ணைத் தொடும் கீழ்வரிசை பொடிந்து போயிற்று. பந்து எடுக்கக் குனிந்து நுழைந்த பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கெண்டைக்காலில் துருப்பிடித்த கம்பிமுனை கிழித்து ஆறு தையல். டி.டி. ஊசி போட நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். அவன் அம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பரவாயில்லை.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், நான் 31 வருஷம் வேதியியல் சொல்லிக்கொடுத்தவன். இரும்பின் மேல் துத்தநாகம் ஏன் பூசுகிறார்கள் என்று எத்தனை செட் பையன்களுக்குப் போர்டில் எழுதிப் போட்டிருப்பேன்! துத்தநாகம் தான் முதலில் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். அது தீர்ந்த மறுநாள் இரும்பின் முறை. ஆக, வேலியின் ஆயுசு துத்தநாகத்தில் இருக்கிறது. நான் கடையில் போய்க் கேட்டதோ கேஜ். பத்து கேஜ் என்றால் கம்பியின் கனம் 3.25 மில்லிமீட்டர், பன்னிரண்டு என்றால் 2.64. அது இரும்பின் கனம். அதன்மேல் எவ்வளவு துத்தநாகம் இருக்கிறது என்று நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

கணக்கு ஒன்றும் கஷ்டமில்லை. ஒரு சதுர மீட்டர் பரப்பில் 7 கிராம் துத்தநாகம் பூசினால் கனம் ஏறக்குறைய ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மின்சாரத்தில் மேலோட்டமாகப் பூசிப் பளபளப்பாக விற்கிற கம்பியில் 30 கிராம் தேறினால் அதிகம். நாலு மைக்ரான். உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த கனமான பூச்சில் 250 கிராம் அளவுக்கு இருக்கும். 35 மைக்ரான், தலைமுடியின் கனத்தில் பாதி. பார்வைக்கு இது கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும். சரி, கடற்கரையில் வருஷத்துக்கு எவ்வளவு கரையும்? ஐ.எஸ்.ஓ. 9223 என்ற தரக்குறிப்பில் காற்றை அரிப்புக்குத் தக்கபடி வகை பிரித்திருக்கிறார்கள். உப்புக்காற்று பலமாக அடிக்கும் கடலோரம் சி5 என்ற வகையில் வரும். அங்கே முதல் வருஷத்தில் துத்தநாகம் 4.2 முதல் 8.4 மைக்ரான் வரை போகும். அலைத்திவலை நேரே விழும் இடம் இதைவிட மோசம். இப்போது வகுத்துப் பாருங்கள். பளபளப்புக் கம்பிக்கு ஒரு வருஷம். நல்ல கம்பிக்கே எட்டு வருஷம் கிடைத்தால் பெரிய விஷயம். 20 வருஷ கேரண்டி எங்கிருந்து வந்தது? மதுரையிலோ திருச்சியிலோ போட்ட வேலிக்கு எழுதின தாளை ஊர்ப் பெயர் மாற்றி நமக்குக் கொடுக்கிறார்கள். அவ்வளவுதான் விஷயம்.

இது நமக்குத் தெரியாத சங்கதியும் இல்லை. 1914-ல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில், 2022-ல் ரயில் நிற்கும் வரை, பெயிண்ட் அடித்து முடிந்தது என்று யாராவது கேள்விப்பட்டதுண்டா? காரைக்குடியில் இருக்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தார் உலோகம் எப்படி அரிக்கிறது என்று பார்க்கத் தேடிவந்து தகடுகளை வெயிலில் மாட்டி வைத்த இடம் நம் மண்டபம். அப்படிப்பட்ட இடத்தில் குடியிருந்துகொண்டு நாம் ரன்னிங் அடிக்கு என்ன ரேட் என்று மட்டும் கேட்கிறோம்.

கம்பியோடு முடியவில்லை. எல் ஆங்கிளை வெட்டிப் பற்றவைக்கிறார்கள். பற்றவைத்த இடத்தில் பூச்சு எரிந்து போகும், மேலே சில்வர் பெயிண்ட் அடித்து மறைத்துவிடுவார்கள். துரு அங்கேதான் பிள்ளையார் சுழி போடும். அப்படியானால் சிமெண்ட் போஸ்ட் என்பார்கள். உவர்த் தண்ணீரில் குழைத்த சிமெண்டுக்குள் இருக்கும் கம்பி துருவேறிப் பருத்து, போஸ்ட் நெடுக வெடிக்கும். நம் ஊரில் எந்த போரில் நல்ல தண்ணீர் வருகிறது? கருங்கல் கால் ஊன்றினால் இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. பிளாஸ்டிக் உறை போட்ட பச்சைக் கம்பியைப் பற்றியும் ஒருவர் எழுந்து பேசினார். உள்ளே நல்ல பூச்சு இருந்தால் அது தேவலை. இல்லாவிட்டால் வெயிலில் உறை வெடித்து, உள்ளே அரித்துக்கொண்டிருப்பது வெளியே தெரியாது.

இன்னொன்று, எனக்கே ஆச்சரியமாக இருந்தது. என் வேலியில் மழை நன்றாகப் படும் பகுதி கொஞ்சம் தாக்குப்பிடித்தது. மாட்டுக்கொட்டகைச் சரிவுக்குக் கீழே, மழை படாத பத்தடிதான் முதலில் துருப்பிடித்தது. மழை உப்பைக் கழுவிவிடுகிறது, கொட்டகை தடுத்துவிட்டது. மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவி விடலாம்தான். குடம் கணக்கில் விலைக்கு வாங்கிக் குடிக்கிறவர்கள் வேலியைக் குளிப்பாட்டினால் ஊர் சிரிக்கும்.

“குறை சொல்றது சுலபம், வேற என்ன செய்யலாம்னு சொல்லுங்க” என்றார் தலைவர். நியாயமான கேள்வி. கடலைப் பார்த்த பக்கத்துக்குக் கம்பியே வேண்டாம். கருங்கல் கால், குறுக்கே பனங்கை, அதில் கருக்குமட்டை நெருக்கிக் கட்டுவோம். ஐப்பசி மழையில் கிளுவைப் போத்து நட்டால் இரண்டு வருஷத்தில் அடர்ந்துவிடும். முதல் வருஷம் ஆடு மேயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், மறைக்கவில்லை. மட்டையை அவ்வப்போது மாற்ற வேண்டும், அதுவும் உண்மை. ஆனால் மட்டை இற்றுப்போனால் அடுப்புக்கு ஆகும். யார் காலிலும் தையல் போட வைக்காது. பட்டிக்காட்டு வேலி என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும், நான் அந்த ரோஷத்துக்கு ஒரு தடவை விலை கொடுத்தாயிற்று. மற்ற மூன்று பக்கத்துக்குச் செயின்லிங்க் போடலாம்: எஸ்டிமேட்டில் கேஜுக்குப் பக்கத்தில் சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் துத்தநாகம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால். கட்டுக்கம்பிக்கும் அதே பூச்சு. கீழ்வரிசை மண்ணைத் தொடாமல் நாலு விரல்கடை மேலே.

எழுதிக் கொடுத்தால் மட்டும் நம்புவதா என்றால், அதற்கும் வழி உண்டு. தோட்டத்துக்கு அடிக்கிற மயில்துத்தத்தைத் தண்ணீரில் நன்றாகக் கரைத்து, கம்பித் துண்டைத் துடைத்து ஒரு நிமிஷம் முக்கியெடுத்துக் கழுவ வேண்டும். துத்தநாகம் இருக்கும்வரை கறுப்பாகப் படியும், துணியால் துடைத்தால் போய்விடும். இரும்பு வெளிப்பட்ட இடத்தில் செம்பு பளிச்சென்று ஒட்டிக்கொள்ளும், துடைத்தாலும் போகாது. கனமான பூச்சு மூன்று நாலு முக்கைத் தாங்கும். மெல்லிய பூச்சு முதல் முக்கிலேயே சிவந்துவிடும். கம்பி மீதி என் வீட்டுப் பரணில் கிடந்தது. நேற்று செய்து பார்த்தேன். ஒரே முக்கு.

வரும் ஞாயிற்றுக்கிழமை மறுபடி கூட்டம். கண்ணாடி ஜாடியும் மயில்துத்தமும் நான் கொண்டுவருகிறேன். எஸ்டிமேட் கொடுத்தவர் ஒரு சாண் கம்பி மட்டும் கொண்டுவந்தால் போதும்.