மதியத்தில் மயங்கும் கம்ப்யூட்டர்

நம் வீடுகளில் எதையும் பழசு என்று லேசில் ஒதுக்கிவிட மாட்டோம். கிரைண்டருக்கு மூன்று தடவை பெல்ட் மாற்றியிருப்போம். மாமியார் காலத்துத் தையல் மெஷின் இன்றும் எண்ணெய் விட்டால் ஓடும். அந்த வரிசையில் இப்போது கம்ப்யூட்டரும் சேர்ந்துவிட்டது. கூடத்து மூலையில் பூப்போட்ட துணி போர்த்திக்கொண்டு பத்துப் பதினைந்து வருஷமாக அது பாட்டுக்கு உழைத்துக்கொண்டிருக்கிறது. கல்யாணப் போட்டோக்கள், குழந்தைகளின் சான்றிதழ்கள், மளிகைக் கணக்கு, சீட்டுக் கணக்கு எல்லாம் அதன் வயிற்றுக்குள்தான்.

இத்தகைய வீட்டில் ஒரு வாலிபப் பிள்ளை இருந்தால், ஒருநாள் அவனுக்கு ஓர் ஆசை வரும். காலணாச் செலவில்லாமல் இந்தக் கிழட்டு யந்திரத்தை வேகமாக ஓடச் செய்தால் என்ன என்று! அதற்குப் பெயர் 'ஓவர்கிளாக்'. ஆசை தப்பில்லை. ஆனால் அதற்குப் பின் வீட்டில் நடக்கும் கூத்துக்கு வைத்தியம் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? அதைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

முதலில் விஷயத்தைப் புரிந்துகொள்வோம். கம்ப்யூட்டரின் மூளையான ப்ராஸஸருக்கும் நம்மைப் போல் ஒரு நாடித் துடிப்பு உண்டு. 2007-இல் கடைக்கு வந்த இன்டெல் 'கோர் 2 குவாட் க்யூ6600' என்ற ப்ராஸஸரை எடுத்துக்கொள்ளுங்கள். மதர்போர்டு கொடுக்கும் தாளம் 266 மெகாஹெர்ட்ஸ். ப்ராஸஸர் அதை 9 மடங்காக்கிக்கொள்கிறது. பெருக்கினால் சுமார் 2,400. அதாவது வினாடிக்கு 240 கோடித் துடிப்பு. இதைத்தான் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்கிறார்கள். 266-ஐ 333 என்று மாற்றிவிட்டால் 3 கிகாஹெர்ட்ஸ் ஆகிவிடும். கம்ப்யூட்டர் கண்விழிக்கும்போது வரும் 'பயாஸ்' என்ற பக்கத்தில் ஓர் எண்ணை மாற்றினால் போதும்.

இது எப்படி முடிகிறது என்றால், செய்பவர்கள் எப்போதும் கொஞ்சம் இடம் விட்டுத்தான் செய்கிறார்கள். வளரும் பிள்ளைக்குத் தையற்காரர் உள்பக்கம் துணி விட்டுத் தைப்பதில்லையா, அப்படி. 1998-இல் வந்த 'செலிரான் 300ஏ' என்ற ப்ராஸஸரின் தாளத்தை 66-இலிருந்து 100-ஆக மாற்றி, 300 மெகாஹெர்ட்ஸை 450 ஆக்கி உலகமெங்கும் பிள்ளைகள் கொண்டாடினார்கள். ஆனால் எல்லா ஜாக்கெட்டிலும் ஒரே அளவுத் துணி உள்ளே இருக்காது. ஒரே பெட்டியில் வந்த இரண்டு ப்ராஸஸர்களில் ஒன்று தாங்கும், மற்றொன்று தாங்காது.

சென்ற கோடையில் பனமலைக்குப் போயிருந்தேன். செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே, ஏரிக்கரையில் குன்றின்மேல் ராஜசிம்ம பல்லவன் கட்டிய தாளகிரீசுவரர் கோயில் இருக்கிறதே, அந்த ஊர். அங்கே தெரிந்தவர்கள் வீட்டில் மோர் குடிக்க உட்கார்ந்தேன். அந்த வீட்டு மருமகள் மகளிர் சுய உதவிக் குழுவின் கணக்கை எழுதி வருகிறவர். அவர் முகம் வாடியிருந்தது.

"காலையிலே நல்லா ஓடுது. மதியம் ரெண்டு மணி ஆச்சுன்னா நீலமா ஒரு பக்கம் வந்து தானா அணைஞ்சு போகுது" என்றார்.

மாமியார் தம் பங்குக்குத் திருஷ்டி என்று முடிவு கட்டி, மானிட்டர்மேல் எலுமிச்சையும் மிளகாயும் தொங்கவிட்டிருந்தார். கொழுந்தன் மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன தம்பி பண்ணே?"

"ஒண்ணுமில்லே அண்ணி. வேகம் பத்தலேன்னியேளேன்னு கொஞ்சம் கூட்டினேன். அவ்வளவுதான்."

அவ்வளவுதானா? அந்த வாரம் கணக்கைச் சேமிக்கும் நேரத்தில் யந்திரம் அணைந்திருக்கிறது. மறுபடி திறந்தபோது வந்தது பழைய பிரதி. ஒருநாள் வசூல் முழுவதும் காணோம். கூட்டத்தில் ஒரு பெண், "நான் 500 ரூபாய் கட்டினேனே, என் பேரில் ஏன் இல்லை?" என்று கேட்டுவிட்டாள். நல்லவேளை, மருமகள் சிட்டை நோட்டிலும் எழுதி வைத்திருந்ததால் மானம் பிழைத்தது. "என்னை நம்பித்தானே அவங்க கையெழுத்துப் போடுறாங்க" என்று சொல்லும்போது அவருக்குக் குரல் கம்மிவிட்டது.

சகோதரிகளே, கவனிக்க வேண்டியது இதுதான். தாங்க முடியாத வேகத்தில் ஓடும் ப்ராஸஸர் அணைந்து போனால் கூட நல்லது. அணையாமலே தப்புக் கணக்குப் போடுவதும் உண்டு. போட்டோவில் ஒரு கோடு, கோப்பில் ஒரு எழுத்து, கூட்டலில் ஓர் எண் என்று சத்தமில்லாமல் கெடுக்கும். கண்ணுக்குத் தெரியும் நோயை விடத் தெரியாத நோய் அல்லவா ஆபத்து!

சரி, எங்கே தொடங்குவது? முதலில் வேண்டிய கோப்புகளையெல்லாம் பென் டிரைவில் பிரதி எடுங்கள். பிறகு பயாஸில் எல்லாவற்றையும் கம்பெனி வைத்த நிலைக்கே திருப்புங்கள். பயாஸுக்கே போக முடியாமல் கம்ப்யூட்டர் முரண்டு பிடித்தால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மதர்போர்டில் உள்ள காசு போன்ற சி.ஆர்.2032 பேட்டரியைச் சில நிமிஷம் கழற்றி மாட்டினால் பழைய நிலைக்கு வந்துவிடும். அதன் பிறகும் யந்திரம் மயங்கினால் பழியை ஓவர்கிளாக்கின்மேல் போடக் கூடாது. மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி தளர்ந்திருக்கலாம், மதர்போர்டில் உருளை உருளையாக நிற்கும் கபாசிட்டர்களின் தலை உப்பியிருக்கலாம். பனமலையில் பழைய நிலைக்குத் திருப்பியதும் மதிய மயக்கம் நின்றுவிட்டது. ஆகவே குற்றவாளி வேகம்தான் என்று தெரிந்தது.

அடுத்தது உஷ்ணம். காலையில் ஓடி மதியம் விழுகிறது என்றால் முதல் சந்தேகம் இதன்மேல்தான். ப்ராஸஸர்மேல் சுழலும் ஃபேன் குளிர்காற்றை உற்பத்தி செய்வதில்லை. அறைக் காற்றைத்தான் வீசுகிறது. காலை 28 டிகிரியாக இருந்த அறை மதியம் 40 ஆனால், அந்த 12 டிகிரியும் ஏறக்குறைய அப்படியே ப்ராஸஸர் தலையில் ஏறும். அதோடு தூசியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அந்த வீட்டுப் பெட்டியைத் திறந்தால், ஃபேனுக்கு அடியில் கம்பளி நெய்யலாம் போலத் தூசி! பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு, மெல்லிய பிரஷ்ஷால் தட்டி எடுத்தோம். காய்ந்து போயிருந்த தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் பட்டாணி அளவு வைத்தோம். சென்னை ரிச்சி தெருவில் சிறு குப்பியாகக் கிடைக்கும் சாமான்தான் அது. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் ஒருக்காலும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும்.

தூசி போன பிறகு தம்பி மறுபடி 3 கிகாஹெர்ட்ஸ் வைத்துப் பார்த்தான். இப்போது காலையிலேயே தடுமாறியது! இங்கேதான் சுவாரசியம். 'மெம்டெஸ்ட்86+' என்ற இலவசச் சோதனையை ஓட்டியதும் திரையில் சிவப்புச் சிவப்பாகப் பிழைகள். குற்றவாளிக்கு ஒரு கூட்டாளியும் இருந்தது தெரிந்தது. அதுதான் ராம். (கைகூப்ப வேண்டாம், நினைவுச் சில்லைத்தான் சொல்கிறேன்.)

உரலில் இரண்டு பெண்கள் மாறி மாறி உலக்கை போட்டு நெல் குத்துவதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒருத்தி வேகத்தைக் கூட்டினால் மற்றவளும் கூட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் உலக்கையோடு உலக்கை இடிக்கும். பழைய மதர்போர்டுகளில் ப்ராஸஸரும் ராமும் இப்படித்தான் ஒரே தாளத்தில் கட்டப்பட்டவை. அந்த வீட்டு ராம் 'டி.டி.ஆர்.2-800' வகை, 400 மெகாஹெர்ட்ஸுக்குச் செய்தது. ப்ராஸஸருக்கும் ராமுக்கும் விகிதம் 2-க்கு 3. தாளம் 266-ஆக இருந்தபோது ராம் சரியாக 400-இல் ஓடியது. தாளத்தை 333 ஆக்கியதும் ராம் 500-க்குத் தாவிவிட்டது! அதற்கு மூச்சு வாங்காமல் என்ன செய்யும்? விகிதத்தை 5-க்கு 6 என்று மாற்றியவுடன் 333-க்கு 400 என்று சமன்பட்டது. சோதனையில் ஒரு பிழை கூட இல்லை.

கடைசியில் ப்ராஸஸரையே சோதிக்க வேண்டும். 'பிரைம்95' என்ற புரோகிராம் இதற்குப் பிரசித்தம். பெரும் பகா எண்களைத் தேடுவதற்காக எழுதப்பட்டது. ப்ராஸஸரை ஓய்வில்லாமல் கணக்குப் போட வைத்து, விடை தப்பினால் உடனே காட்டிக் கொடுத்துவிடும். இதை இரவில் ஓட்டித் திருப்திப்படாமல், உச்சி வெயிலிலும் ஓட்ட வேண்டும். கூடவே 'கோர் டெம்ப்' போன்ற ஒன்றை வைத்து உஷ்ணத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் மணி நேரத்தில் பிழை வந்தது. "வோல்டேஜைக் கொஞ்சம் கூட்டட்டுமா?" என்று தம்பியின் கை துறுதுறுத்தது. இங்கே ஒரு கணக்கு. ப்ராஸஸர் தின்னும் மின்சாரம், வேகம் கூடும் அளவுக்குக் கூடும். வோல்டேஜ் கூடினாலோ அதன் வர்க்கமாகக் கூடும். வேகத்தை 25 சதவிகிதமும் வோல்டேஜை 10 சதவிகிதமும் ஏற்றினால், 1.25 பெருக்கல் 1.21, அதாவது ஒன்றரை மடங்கு. 95 வாட் உஷ்ணத்துக்குச் செய்த ஃபேன் 144 வாட்டைச் சமாளிக்க வேண்டும். சமாளித்தாலும் ஆயுள் குறையும். வோல்டேஜ் விளையாட்டு எவ்வளவு பொல்லாதது என்பதற்கு 2024-ஆம் வருஷமே சாட்சி. இன்டெல் கம்பெனியின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராஸஸர்களில் பல, மிதமிஞ்சிய வோல்டேஜால் நிலைகுலைந்து, கம்பெனியே திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தையும் இரண்டு வருஷம் நீட்ட வேண்டி வந்தது. அவர்களுக்கே அந்தக் கதி என்றால் நாம் எம்மாத்திரம்!

ஆகவே தம்பி வோல்டேஜைத் தொடாமல் தாளத்தை 300-க்கு இறக்கினான். 2.7 கிகாஹெர்ட்ஸ். மூன்று மதியம் பிரைம்95 ஓடியும் பிழை இல்லை என்று பிறகு போனில் பெருமையாகச் சொன்னான்.

அண்ணி கேட்ட கேள்வியையும் சொன்னான்: "இதனாலே என் கணக்கு எத்தனை நிமிஷம் முன்னாலே முடியும்?"

"நிமிஷம் இல்லே அண்ணி. சில நொடி."

"சில நொடிக்காக என் தலையிலே பழி வரணுமா? பழையபடியே வெச்சிடு."

அதுதான் தீர்ப்பு. அதைவிட நியாயமான தீர்ப்பை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. பிறர் பணத்தின் கணக்கு இருக்கும் கம்ப்யூட்டரில் ஓவர்கிளாக் வேண்டாம். விளையாட்டுக்கென்றே ஒன்று இருந்தால் பிள்ளைகள் பழகிக்கொள்ளட்டும். அதனால் அவர்களுக்கு அறிவும் வளரும்.

பழைய யந்திரத்துக்கு நிஜமாகவே சுறுசுறுப்பு வேண்டுமா? சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு 'எஸ்.எஸ்.டி.' போடுங்கள், இடமிருந்தால் ராமையும் கூட்டுங்கள். அன்றாட வேலைக்கு ஓவர்கிளாக்கை விட அது எத்தனையோ மேல். இன்னொன்று: விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பழைய யந்திரங்களுக்கு லினக்ஸ் வகைகள் நன்றாகப் பொருந்தும். சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் அவற்றில் ஒன்று.

மற்றபடி வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு விதி சொல்லி வையுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். அதையும் தேதி போட்டு நோட்டில் எழுத வேண்டும். மூன்றை ஒன்றாக மாற்றினால் எது குணம் தந்தது, எது கெடுத்தது என்று தெரியாது. செஞ்சிக் கோட்டையைப் பிடிக்க மொகலாயப் படை 1690 முதல் 1698 வரை காத்துக் கிடந்தது. நமக்கு அவ்வளவு பொறுமை வேண்டாம். ஒரு மாற்றத்துக்கு ஒரு மதியம் பொறுத்தால் போதும்.

பனமலைக் கோயிலில், குடைநிழலில் கிரீடம் சூடிச் சாய்ந்து நிற்கும் தேவியின் பல்லவர் கால ஓவியம் ஒன்று இருக்கிறது. ஆயிரத்து முந்நூறு வருஷத்தில் சுண்ணம் உதிர்ந்தது உதிர்ந்ததுதான். மிச்சமிருப்பதைத்தான் நாம் பார்த்து உருகுகிறோம். அதற்குப் பிரதி எடுக்க அந்தக் காலத்தில் வழியில்லை. உங்கள் வீட்டுப் படங்களுக்கும் கணக்குகளுக்கும் வழி இருக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை சமையல் முடிந்த கையோடு அந்தப் பிரதியை எடுத்துப் பீரோவில் வைத்துவிடுங்கள். வேகத்தைப் பற்றிய பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான்.