பிஞ்சுக்கு என்ன விலை?

சகோதரிகளே, வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்த்துத்தான் கூடையில் போடுகிறீர்கள். விளையாட்டுப் பிள்ளைகளை அப்படி ஒடித்துப் பார்க்க முடியுமா? முடியாது. ஆனாலும் விலை கோடிக் கணக்கில் ஏறுகிறது!

2025 நவம்பரில் நம் சென்னை சூப்பர் கிங்ஸ் ஒரு பண்டமாற்றுச் செய்தது. 36 வயது ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டு, 31 வயது சஞ்சு சாம்சனை வாங்கிக்கொண்டது. ஜடேஜாவுக்கு ராஜஸ்தானில் சம்பளம் 14 கோடி. அடுத்த மாதமே அபுதாபி ஏலத்தில் பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா என்ற இரு இளைஞர்களை ஆளுக்கு 14 கோடியே 20 லட்சத்துக்குச் சென்னை எடுத்தது. இருவரும் அதுவரை இந்தியாவுக்காக ஒரு பந்தயம்கூட ஆடாதவர்கள். ஆரம்ப விலை 30 லட்சம்தான்!

"இதென்ன கூத்து?" என்கிறீர்களா? காரணம் இருக்கிறது. மூத்தவரிடம் வாங்குவது இந்த வருஷத்து ஆட்டத்தை. இளையவரிடம் வாங்குவது வரப்போகும் பத்து வருஷத்தை.

அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டத்தில் இது பழைய வழக்கம். 1987-ல் டெட்ராய்ட் கோஷ்டி அவசரத்துக்கு 36 வயது டாயில் அலெக்சாண்டரை வாங்கிக்கொண்டு, ஜான் ஸ்மோல்ட்ஸ் என்ற 20 வயதுப் பையனை அட்லாண்டாவுக்குக் கொடுத்தது. அலெக்சாண்டர் அந்த வருஷம் ஒன்பது ஆட்டங்களை வென்று கொடுத்தார், ஒன்றில்கூடத் தோற்கவில்லை. ஆனாலும் டெட்ராய்ட்டுக்குச் சாம்பியன் பட்டம் கிட்டவில்லை. ஸ்மோல்ட்ஸோ 2008 வரை அட்லாண்டாவுக்கு ஆடி, 2015-ல் அந்த ஆட்டத்தின் மகா வீரர்கள் வரிசையில் சேர்ந்தார்!

ஆனால் பிஞ்செல்லாம் உடனே காய்த்துவிடுவதில்லை. நம் வருண் சக்கரவர்த்தியை 2018 டிசம்பரில் பஞ்சாப் 8 கோடியே 40 லட்சத்துக்கு எடுத்தது. 2019-ல் அவர் ஆடியது ஒரே பந்தயம், பஞ்சாப் கைவிட்டது. கொல்கத்தா 4 கோடிக்கு எடுத்துப் பொறுமையாக வைத்துக்கொண்டது. 2024-ல் கொல்கத்தா கோப்பையை வென்றபோது அவர் கணக்கில் 21 விக்கெட்டுகள்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லியில் மாலையானால் மட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடும் பிள்ளைகளின் தாய்மார்களே! "14 கோடி கிடைக்குமாம், படிப்பு எதற்கு?" என்று பையன் கேட்டால் கோபிக்காதீர்கள். ஆடட்டும், ஆசையைக் கெடுக்க வேண்டாம். ஆனால் இதையும் சொல்லி வையுங்கள்: அந்த ஏலத்துக்குப் பெயர் கொடுத்தவர்கள் ஆயிரத்துக்கு மேல்; விலை போனவர்கள் 77 பேர். வருணும் கட்டடக் கலை படித்து முடித்தவர்தான். பஞ்சாப் கைவிட்டபோதும் அந்தப் படிப்பு அவர் கையில் இருந்தது.