நோய் வருமுன் வீட்டைக் காப்போம்

தோட்டத் தொழிலாளிக்குச் சொத்து என்று என்ன இருக்கிறது? குடியிருக்கும் லயத்து வீடு அவனுடையதன்று. அவன் சீவிய மரமும் அவனுடையதன்று. முப்பது நாற்பது ஆண்டுகள் விடியுமுன் பிரட்டுக்களத்தில் நின்று, கொசுக்கடியில் பால் வெட்டியவனுக்கு இறுதியில் எஞ்சுவது ஊழியர் சேமநிதிப் பணம். அதைக் கொண்டு வாங்கிய ஒரு மலிவு விலை வீடு. மனைவியின் கழுத்தில் நாலு பவுன். சிலரிடம் ஒரு கூட்டுறவுச் சங்கப் பங்குப் பத்திரம். இவ்வளவுதான். கிராணிமார் நிலை இதைவிடப் பெரிதாக உயர்ந்துவிடவில்லை.

கள்ளும் சூதும் குடும்பத்தைக் கெடுக்கும் என்று மேடைதோறும் பேசுகிறோம். பேச வேண்டியதுதான். ஆனால் குடியாத, சூதாடாத குடும்பத்தையும் நடுத்தெருவில் நிறுத்தும் ஒன்று உண்டு. அதுதான் நெடுநாள் படுக்கை. பக்கவாதம், சிறுநீரகக் கோளாறு, இனிப்புநீரால் கால் இழப்பு, மறதி நோய் ஆகியவை ஆளை உடனே கொல்வதில்லை. ஐந்தாண்டு, பத்தாண்டு படுக்கையில் கிடத்திவிடுகின்றன.

மருத்துவமனைச் செலவு நம்மை அழிப்பதில்லை. அரசாங்க மருத்துவமனையில் மூன்றாம் வகுப்புக் கட்டணம் ஏழை தாங்கக் கூடியதே. சிகாமட்டிலிருந்து நோயாளியை லாபிசுக்கும் பெக்கோக்குக்கும் சாஆவுக்கும் வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் செலவு தொடங்குகிறது. அணையாடை, மாவுப்பால், வாடகைக் கார், இவற்றையெல்லாம் மிஞ்சும் இன்னொரு செலவு ஒரு கையின் உழைப்பு. வேலைக்குப் போகும் மகளோ மருமகளோ நின்றுவிடுகிறார். 2025 பிப்ரவரியில் தொடங்கிய குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அதை இழந்தால் ஆண்டுக்கு 20,400 வெள்ளி. ஐந்தாண்டில் 1,02,000 வெள்ளி. எந்த ரசீதிலும் வராத நஷ்டம் இது. கடைசியில் நகை அடகுக்குப் போகிறது. பின்பு வீடு விலைக்குப் போகிறது.

அமெரிக்காவில் ஏழைகளின் பராமரிப்புச் செலவை மெடிக்கெய்ட் என்னும் அரசாங்கத் திட்டம் ஏற்கிறது. சொத்துள்ளவருக்கு அது கிடைப்பதில்லை. அதனால் பலர் முன்கூட்டியே வீட்டைப் பிள்ளைகள் பெயரில் மாற்றப் பார்க்கிறார்கள். அரசாங்கமும் ஐந்தாண்டுக் கணக்கைப் பின்னோக்கித் துருவுகிறது. நம் நிலைமை வேறு. இங்கே அவ்வாறு ஏற்கும் திட்டம் இல்லை. ஆகவே, சொத்தை மறைப்பதால் நமக்கு ஆதாயமும் இல்லை. உயிரோடு இருக்கும்போதே வீட்டை மகன் பெயருக்கு எழுதிவிட்டு, பின்பு அவன் திண்ணையில் அன்னியராய் உட்கார்ந்திருப்பதுதான் மிச்சம். பெற்றோரைப் பராமரிக்கக் கட்டாயப்படுத்தச் சிங்கப்பூர் 1995இல் சட்டம் செய்தது. பராமரிப்பதாகச் சொல்லிச் சொத்து வாங்கியவர் கைவிட்டால் அதைத் திரும்பப் பெற இந்தியா 2007இல் சட்டம் செய்தது. சட்டம் போட்டுத் தடுக்க வேண்டிய அளவுக்கு அது நடந்திருக்கிறது என்பதே நமக்குப் பாடம். சொத்தைக் கையில் வைத்துக்கொண்டு முன்னேற்பாடு செய்வதே காப்பு.

என்ன ஏற்பாடு என்று கேட்பீர்கள். சொல்கிறோம்.

முதலாவது, 55 வயதில் சேமநிதியை மொத்தமாக அள்ளாதீர்கள். வேண்டியதை மட்டும் எடுக்கலாம், மாதாமாதம் எடுக்கலாம், மீதி அங்கேயே இருந்து நூறு வயது வரை லாப ஈவு பெறும். மொத்தமாகக் கைக்கு வந்த பணத்துக்கு உறவினர் அதிகம். இன்னொன்று, பெற்றோரின் கடும்நோய்க்குப் பிள்ளைகள் தம் சேமநிதியிலிருந்து எடுக்க விதி இடங்கொடுக்கிறது. அவசரத்துக்கு அது உதவிதான். ஆனால் அது பிள்ளையின் முதுமையைக் கடன் வாங்குவது என்பதை மறக்கலாகாது.

இரண்டாவது, நோய் கண்டவுடன் ராஜினாமாக் கடிதம் எழுதாதீர்கள். சொக்சோவில் செயலிழந்தோர் ஓய்வூதியம் என்று ஒன்றுண்டு. அதற்கு 60 வயதுக்கு முன்பே மனுச் செய்ய வேண்டும். ஓயாத கவனிப்புத் தேவை என்று மருத்துவ வாரியம் சான்று அளித்தால் மாதம் 500 வெள்ளி கவனிப்புப் படியும் உண்டு. இது தருமமன்று, மாதாமாதம் சம்பளத்தில் பிடித்த பணத்தின் உரிமை. படுக்கையில் கிடப்பவரைப் பராமரிக்கும் ஏழைக் குடும்பங்களுக்குச் சமூகநல இலாகாவின் மாத உதவியும் இருக்கிறது. வருமான வரம்புக்கு உட்பட்டது அது. கேட்காதவருக்குக் கிடைக்காது.

மூன்றாவது, சேமநிதியில் எழுதிய வாரிசுப் பெயரைப் பாருங்கள். கல்யாணத்துக்கு முன் தாயார் பெயரைக் கொடுத்தவர் மாற்றாவிட்டால் மனைவிக்கு அங்கே இடமில்லை. கூட்டுறவுச் சங்கப் பங்குக்கும் இதையே செய்யுங்கள்.

நான்காவது, கையெழுத்து வைக்கும் நிலையில் இருக்கும்போதே கையெழுத்து வையுங்கள். அறிவு தெளிவாய் இருக்கும்போது கொடுத்த அதிகாரப் பத்திரமும் அறிவு மயங்கினால் செல்லாமற் போகும். பிறகு நீதிமன்றப் படியேற வேண்டும். வைத்தியச் செலவுக்கென ஒரு தொகையைக் கணவன் மனைவி இருவரில் யாரும் எடுக்கக் கூடிய கூட்டுக் கணக்கில் வைப்பது எளிய வழி.

ஐந்தாவது, உயில் எழுதுங்கள். உயில் பணக்காரன் சமாசாரம் என்று நினைப்பது தவறு. முஸ்லிம் அல்லாதார் உயிலின்றி இறந்தால் 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டம் பங்கு போடும். பெற்றோரும் மனைவியும் பிள்ளைகளும் இருந்தால் மனைவிக்குக் கால் பங்கு, பெற்றோருக்குக் கால் பங்கு, பிள்ளைகளுக்குப் பாதி. வீட்டுப் பட்டாவில் இருவர் பெயர் இருந்தாலும் இறந்தவரின் பாகம் தானாக மனைவிக்குப் போகாது. பத்தாண்டு மலமும் மூத்திரமும் அள்ளிய மகளுக்கும், தீபாவளிக்கு மட்டும் வந்துபோன மகனுக்கும் அந்தச் சட்டம் ஒரே பங்குதான் தரும். அந்த மகளின் உழைப்பைக் கணக்கில் எடுக்க உயிலால் மட்டுமே முடியும். இரண்டு சாட்சிகள் ஒருங்கே இருக்க, அவர்கள் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். பங்கு பெறுபவரோ அவருடைய கணவன் மனைவியோ சாட்சியாக நிற்கக் கூடாது. உயில் எழுதிய பின் திருமணம் செய்தால் அந்த உயில் ரத்தாகும். புதிதாக எழுத வேண்டும்.

சாவைப் பற்றி வீட்டில் பேசினால் அபசகுனம் என்பார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960இல், வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, வருவதை முன்னறிந்து தொழிலாளர்கள் தங்கள் சிறு சேமிப்பைக் கொண்டு சேர்த்தார்கள். அவர்கள் அபசகுனம் பார்த்திருந்தால் ஒரு தோட்டமும் தொழிலாளர் கைக்கு வந்திராது. நிலத்துக்குச் செய்த முன்யோசனையை உடலுக்கும் செய்யக் கூடாதா?

அரசாங்கத்திடமும் கேட்க வேண்டியது உண்டு. வீட்டில் நோயாளியைப் பார்க்க வேலையை விட்ட பெண்ணின் சேமநிதி அன்றோடு நின்றுவிடுகிறது. அவள் நாட்டின் மருத்துவமனைப் படுக்கை ஒன்றைக் காலி செய்து கொடுத்திருக்கிறாள். அவள் கணக்கில் ஒரு தொகை சேரத்தான் வேண்டும். அது கிடைக்கும் வரை சங்கம் குரல் கொடுக்க வேண்டும்.

கிராணித் தோழர்களே! மனுப் பாரங்களைப் படித்துச் சொல்லும் கடமை உங்களுடையது. கிளைத் தலைவர்களே! அடுத்த கூட்டத்தில் ஒரு மணி நேரத்தை இதற்கென ஒதுக்குங்கள். தொழிலாளத் தோழர்களே! வருகிற சம்பள நாளன்று பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைத்து, சேமநிதிக் கணக்கு, வீட்டுப் பட்டா, பங்குப் பத்திரம் மூன்றையும் மேசைமேல் வைத்துப் பேசுங்கள். உடம்பில் தெம்பிருக்கும்போது இப்படிப் பேசி வைத்த குடும்பத்தில், நோய் வரும் நாளில் சண்டை இராது.