நூறு பேர் கேட்க ஓர் அறை: சென்னையின் சோதனை இசைக் கலைஞர்களின் கோரிக்கை மனு

அனுப்புநர்
தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் உறுப்பினர்கள்,
சென்னையில் சோதனை இசையும் சுயாதீன இசையும் நிகழ்த்துவோர் சங்கம்,
சென்னை.

பெறுநர்
1. மாண்புமிகு மேயர் அவர்கள், பெருநகர சென்னை மாநகராட்சி, ரிப்பன் மாளிகை.
2. ஆணையர் அவர்கள், பெருநகர சென்னை மாநகராட்சி.
3. காவல் ஆணையர் அவர்கள், சென்னைப் பெருநகரக் காவல்.
4. உறுப்பினர் செயலர் அவர்கள், சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்.
5. இயக்குநர் அவர்கள், கலை பண்பாட்டுத் துறை.
6. உறுப்பினர் செயலர் அவர்கள், தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம்.

பொருள்: சென்னை மாநகரில் சோதனை இசை, சுயாதீன இசை நிகழ்ச்சிகளுக்குச் சிறு அரங்குகள் ஒதுக்குதல், ஒற்றைச் சாளர அனுமதி வழங்குதல், கேளிக்கை வரியிலிருந்து விலக்கு அளித்தல் – கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

2017 அக்டோபர் 31 அன்று யுனெஸ்கோ தனது படைப்பாக்க நகரங்களின் பட்டியலில் சென்னையை இசை நகரமாகச் சேர்த்தது. இந்த ஊரில் பிறந்தும், பிழைக்க வந்தும், இங்கேயே கருவி பழகி இங்கேயே வாசிக்க விரும்பும் எங்களுக்கும் அதில் பெருமை உண்டு. ஆனால் புதிதாக ஒன்றை முயன்று பார்க்கும் கலைஞர் நூறு பேர் முன்னால் வாசிக்க, கைக்கெட்டும் வாடகையில் ஒரு பொது அறை இந்த இசை நகரத்தில் எங்களுக்குக் கிடைக்கவில்லை. அந்த அறையையும் அதற்கு வேண்டிய நடைமுறைகளையும் கேட்டே இம்மனுவைச் சமர்ப்பிக்கிறோம்.

நாங்கள் யார்

எங்கள் சங்கத்தில் கிதார், டிரம்ஸ் வாசிப்பவர்கள் இருக்கிறார்கள். பறையையும் உடுக்கையையும் மின்னணுக் கருவிகளோடு இணைப்பவர்கள், கானா பாடுபவர்கள், ராப் எழுதுபவர்கள், மெட்டல் குழுவினர் இருக்கிறார்கள். காசிமேட்டு ஏலக்கூடத்து இரைச்சலையும் எண்ணூர் அலையையும் ஒலிப்பதிவு செய்து அவற்றிலிருந்து இசை அமைப்பவர்களும், முன்கூட்டி எதையும் தீர்மானிக்காமல் மேடையிலேயே கூடி இசையை உருவாக்குபவர்களும் உண்டு. மிக்சர் முன்னால் உட்காரும் ஒலித் தொழில்நுட்பர்களும், வீட்டு மாடியிலும் சிறு கடையின் பின்னறையிலும் நிகழ்ச்சி நடத்துபவர்களும் உறுப்பினர்கள். பெரும்பாலோர் பகலில் வேறு வேலை பார்த்து, அந்தச் சம்பளத்தில் கருவி வாங்குகிறவர்கள்.

இவ்வகை இசையை அண்டர்கிரவுண்ட் என்று அழைப்பது வழக்கம். அந்தச் சொல்லுக்கு மறைவான, சட்டத்துக்குப் புறம்பான என்ற பொருள் இல்லை. திரைப்படத்தையோ விளம்பரத்தையோ சபாவையோ சாராமல், கேட்பவரை நேரடியாகத் தேடிச் செல்லும் இசை என்பதே பொருள். நாங்கள் மறைவாக நடத்த விரும்பவில்லை. வாசல் கதவைத் திறந்துவைத்து, அக்கம்பக்கத்தாரையும் அழைத்து நடத்தவே விரும்புகிறோம்.

சோதனையால் வளர்ந்த ஊர்

சோதனை இசை வெளியூர்ச் சரக்கு, நம் மரபுக்குப் பொருந்தாதது என்ற கருத்தை அடிக்கடி எதிர்கொள்கிறோம். வரலாறு வேறு விதமாக இருக்கிறது. மணலி முத்துகிருஷ்ண முதலியாரின் ஆதரவில் ராமஸ்வாமி தீட்சிதரின் குடும்பம் மணலியில் தங்கியிருந்தது. அவர் மகன் முத்துஸ்வாமி தீட்சிதர் ஐரோப்பிய பேண்டு மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்குச் சாகித்தியம் அமைத்தார். நோட்டுஸ்வரம் என்று இன்றும் பாடப்படுவது அதுதான். இளைய மகன் பாலுஸ்வாமி தீட்சிதர் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்று, அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார். இன்று வயலின் இல்லாத கச்சேரியை நினைத்துப் பார்க்க முடியுமா?

கத்ரி கோபால்நாத்தின் சாக்ஸபோனும் உ.ஸ்ரீனிவாஸின் மின்சார மாண்டலினும் கச்சேரி மேடைக்குப் புதியவையாக வந்து, பின்பு அந்த மேடைக்கே உரியவையாயின. இளையராஜா 1986-இல் 'ஹவ் டு நேம் இட்?' தொகுப்பில் ஐரோப்பிய இசையமைப்பாளர் பாக்கையும் தியாகராஜரையும் ஒரே தளத்தில் நிறுத்தினார். ஏ.ஆர்.ரகுமான் திரைக்கு வரும் முன் 'நெமெசிஸ் அவென்யூ' என்ற சென்னை ராக் குழுவை உருவாக்கியவர்களுள் ஒருவர்.

அண்மைக் காலமும் இதையே சொல்கிறது. 2015-இல் ஊரூர் ஆல்காட் குப்பத்தில், மீனவர் குடியிருப்பின் நடுவே, கர்நாடக இசையும் பறையும் ஒரே விழாவில் ஒலித்தன. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதன்முதலாக மேடையேறியபோது, கானாவும் ராப்பும் ராக்கும் சேர்ந்த அந்த இசையைக் கேட்க ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். சாவு வீட்டுப் பாட்டு என்று ஒதுக்கப்பட்ட கானாவுக்கு அந்த மேடை ஒரு மரியாதையைப் பெற்றுத் தந்தது.

இவை மக்கள் கண்ணில் பட்ட மேடைகள். ஒவ்வொரு மேடைக்கும் பின்னால், இருபது பேர் கேட்க, தப்பும் தவறுமாக, மறுபடி மறுபடி வாசித்துப் பார்த்த சிறு அறைகள் இருந்திருக்கும். அந்தச் சிறு அறைதான் இன்று சென்னையில் அருகிவருகிறது.

இன்றைய இடர்ப்பாடுகள்

முதலாவது, இடம். சபா அரங்குகளும் பெரிய மண்டபங்களும் எங்கள் கைக்கு எட்டாத வாடகையில் இருக்கின்றன. அயல்நாட்டுப் பண்பாட்டு மையங்கள் சில கதவு திறக்கின்றன, அவற்றுக்கு நன்றி. ஆனால் ஆண்டுக்குச் சில நாட்களே அங்கே வாய்க்கின்றன. மீதம் இருப்பவை நட்சத்திர ஓட்டல்களின் மதுக்கூடங்கள். அங்கே வாசிக்கும் குழு, வருபவர்கள் குடிப்பதற்கு ஏற்ற பாட்டைத்தான் வாசிக்க வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் மது அருந்தும் வயது 21 என்பதால், இந்த இசையைக் கேட்கத் துடிக்கும் பள்ளி, கல்லூரி மாணவர்கள் வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள். மதுக்கூடத்துக்கு வரத் தயங்கும் பெண்களும் குடும்பத்தாரும் வருவதில்லை. வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் இருக்கும் கலைஞருக்கு அந்த ஓட்டலின் வாசற்படியே அந்நியம்.

இரண்டாவது, அனுமதி. எங்கள் உறுப்பினர் ஒருவர் அறுபது பேருக்கான நிகழ்ச்சி ஒன்றுக்காக மூன்று அலுவலகங்களுக்கு இரண்டு வாரம் அலைந்தார். ஒவ்வோர் இடத்திலும் அடுத்த இடத்தின் கடிதத்தைக் கேட்டார்கள். அனுமதி கிடைத்தது நிகழ்ச்சியன்று மாலை. அதற்குள் வெளியூர்க் குழு தன் ரயில் டிக்கெட்டை ரத்து செய்திருந்தது. இதில் எந்த அலுவலர் மீதும் எங்களுக்குப் புகார் இல்லை. பத்தாயிரம் பேர் கூடும் மைதான நிகழ்ச்சிக்கும் அறுபது பேர் கூடும் அறைக்கும் ஒரே பாதை இருப்பதுதான் குறை.

மூன்றாவது, வரி. உள்ளாட்சி அமைப்புகளின் கேளிக்கை வரிச் சட்டத்தில் 2024-இல் வந்த திருத்தத்தின்படி, கட்டணம் வாங்கும் இசை நிகழ்ச்சிகள் 10 சதவீத வரிக்குள் வருகின்றன. எண்பது பேர் தலைக்கு 300 ரூபாய் கொடுத்து வந்தால் மொத்த வசூல் 24,000 ரூபாய். அறை வாடகை, ஸ்பீக்கர் வாடகை, வண்டிச் சத்தம் போக மிஞ்சுவதை ஐந்து கலைஞர்கள் பிரித்துக்கொள்ள வேண்டும். அங்கே 2,400 ரூபாய் என்பது ஒரு கலைஞரின் அன்றைய பங்கு. சரக்கு மற்றும் சேவை வரியிலும் நாட்டுப்புறக் கலை, செவ்வியல் கலை என்ற இரு வகைக்கே கலைஞர் ஊதியத்தில் 1.5 லட்சம் ரூபாய் வரை தனி விலக்கு இருக்கிறது. பறையையும் சின்தசைசரையும் சேர்த்து வாசிப்பவர் எந்த வகையில் சேர்வார்?

நான்காவது, ஒலி. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கியைப் பொதுவாகத் தடுக்கின்றன. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், வணிகப் பகுதிக்கு 65 டெசிபல் என்று வரம்பும் வைக்கின்றன. இந்த விதிகளை நாங்கள் மதிக்கிறோம், தளர்த்தக் கோரவில்லை. மருத்துவமனையில் படுத்திருப்பவரின் உறக்கமும் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையின் அமைதியும் எங்கள் இசையை விடப் பெரியவை. ஆனால் கருவி கொண்டு அளக்காமல், 'சத்தமாக இருக்கிறது' என்ற ஒரு தொலைபேசி அழைப்பிலேயே மாலை ஏழரை மணிக்கு நிகழ்ச்சி நிறுத்தப்படுவது எங்களைக் காயப்படுத்துகிறது.

பிற நகரங்கள் கண்ட வழி

ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் 'தி டோட்' என்ற சிறு இசைக்கூடம் 2010 ஜனவரியில் மூடப்பட்டபோது, ஆயிரக்கணக்கான மக்கள் வீதிக்கு வந்தனர். 2014-இல் விக்டோரியா மாநிலம் ஒரு நெறியை வகுத்தது: ஏற்கெனவே இசைக்கூடம் இருக்கும் இடத்தின் அருகே புதிதாகக் குடியிருப்பு கட்டுபவரே ஒலித்தடுப்புக்குப் பொறுப்பு. பெர்லின் நகரம் 2018-இல் இசைக்கூடங்களின் ஒலித்தடுப்புக்கென 10 லட்சம் யூரோ நிதியை ஏற்படுத்தியது. 2021 மே மாதம் ஜெர்மன் நாடாளுமன்றம், இசைக்கூடங்களைப் பண்பாட்டு இடங்களாகக் கருத வேண்டுமெனத் தீர்மானித்தது. இவை இரைச்சலை அனுமதித்த நகரங்கள் அல்ல. அண்டை வீட்டாரையும் கலைஞரையும் ஒருசேரக் காத்த நகரங்கள்.

எங்கள் கோரிக்கைகள்

1. மாநகராட்சியின் சமூக நலக்கூடங்களில் வட சென்னை, மத்திய சென்னை, தென் சென்னை ஆகிய பகுதிகளுக்குத் தலா ஒன்றைத் தேர்ந்து, திருமணம் இல்லாத வார நாட்களில், வாரத்துக்கு ஒரு மாலை, சலுகை வாடகையில் சோதனை இசைக்கு ஒதுக்க வேண்டும். முதல் கூடம் வட சென்னையில் அமைய வேண்டும் என்பது எங்கள் வேண்டுகோள்.

2. புதுப்பிக்கப்பட்டுள்ள விக்டோரியா பொது அரங்கில் மாதம் ஒரு மாலையைப் புதிய இசைக்கு வழங்க வேண்டும். சுகுண விலாச சபையின் புதுமை நாடகங்களைத் தாங்கிய மேடைக்கு இது பொருத்தமான பணி.

3. மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்காவில் ஒலிபெருக்கி இல்லாத கச்சேரிகள் நடந்துவருகின்றன. அதே முறையில், பிற பூங்காக்களிலும் ஒலிபெருக்கி இல்லாத சோதனை இசைக்கு ஞாயிறு காலைகளில் இடம் தர வேண்டும்.

4. 200 பேருக்குக் குறைவான, மது விற்பனை இல்லாத, இரவு 10 மணிக்குள் முடியும் உள்ளரங்க நிகழ்ச்சிகளுக்கு மாநகராட்சியும் காவல்துறையும் இணைந்து ஒரே விண்ணப்பம், ஒரே இடம், ஏழு வேலை நாட்கள் என்ற ஒற்றைச் சாளர முறையை ஏற்படுத்த வேண்டும். மறுப்பதாயின் காரணத்தை எழுத்தில் தர வேண்டும்.

5. ஒலி குறித்த புகார் வந்தால், ஒலிமானியால் அளந்து, வரம்பு மீறியிருந்தால் முதலில் குறைக்கச் சொல்லி, அதன் பின்னரே நிறுத்தும் நடைமுறையைக் காவல் நிலையங்களுக்குச் சுற்றறிக்கையாக அனுப்ப வேண்டும்.

6. நுழைவுக் கட்டணம் 500 ரூபாய்க்கு மிகாத, 200 பேருக்குக் குறைவான இசை நிகழ்ச்சிகளைக் கேளிக்கை வரியிலிருந்து விலக்க மாநகராட்சி அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டும்.

7. தயாராகிவரும் சென்னையின் மூன்றாம் முழுமைத் திட்டத்தில் 'சிறு கலைக்கூடம்' என்பதைத் தனி நிலப்பயன்பாடாகச் சேர்க்க வேண்டும். ஏற்கெனவே இயங்கும் கலைக்கூடத்தின் அருகே புதுக் கட்டடம் எழுந்தால், ஒலித்தடுப்புப் பொறுப்பு புதிதாகக் கட்டுபவருக்கு என்ற நெறியை அதில் இடம்பெறச் செய்ய வேண்டும்.

8. இயல் இசை நாடக மன்றத்தின் நிதியுதவிகளில் சோதனை இசைக்கென ஒரு பிரிவைத் தொடங்கி, திரைப்படப் பங்களிப்பைத் தகுதியாகக் கேட்காமல், படைப்பை மட்டும் வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

9. பொங்கலையொட்டி நடக்கும் 'சென்னை சங்கமம்' விழாவில், நாட்டுப்புறக் கலைஞர்களின் மேடைகளைக் குறைக்காமல், அவர்களும் சுயாதீனக் கலைஞர்களும் சேர்ந்து படைக்கும் ஒரு மாலையைச் சேர்க்க வேண்டும். இருவருக்கும் சம ஊதியம் தரப்பட வேண்டும்.

எங்கள் உறுதிமொழி

கேட்பதோடு நில்லாமல் பொறுப்பேற்கவும் வந்திருக்கிறோம். ஒதுக்கப்படும் ஒவ்வோர் இடத்திலும் எங்கள் செலவில் ஒலிமானி வைத்து, அளவுகளைப் பதிவேட்டில் எழுதி மாதந்தோறும் ஒப்படைப்போம். நிகழ்ச்சியை இரவு 9.30-க்குள் முடித்து, கூடத்தைப் பெருக்கித் துடைத்து, 10 மணிக்குள் சாவியைக் கொடுப்போம். அக்கம்பக்கத்து வீடுகளுக்கு மூன்று நாள் முன்பே தகவல் சொல்லி, பொறுப்பாளரின் தொலைபேசி எண்ணைத் தருவோம். சாதியையோ மதத்தையோ பெண்களையோ இழிவுபடுத்தும் பாடலுக்கு எங்கள் மேடையில் இடமில்லை. பெண்களின், திருநர்களின் பாதுகாப்புக்கு ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் இருவர் பொறுப்பேற்பர். அந்தந்த வட்டாரத்து மாணவர்களுக்கு ஒலியமைப்புப் பயிற்சியை இலவசமாக அளிப்போம். ஓராண்டுக்குப் பின் எங்கள் பதிவேட்டைப் பார்த்து, திட்டத்தைத் தொடர்வதா நிறுத்துவதா என்பதைத் தாங்களே முடிவு செய்யலாம்.

முடிவாக ஒன்று சொல்ல அனுமதி வேண்டுகிறோம். மணலியில் ஒரு செல்வர் இசைக் குடும்பம் ஒன்றுக்கு ஆதரவு தந்தார். அந்தக் குடும்பத்து இளைஞர்கள் கேட்ட புது ஒலி இன்று நம் மரபாகிவிட்டது. அந்த மணலி இப்போது மாநகராட்சி எல்லைக்குள் இருக்கிறது. அங்கே இன்று ஓர் இளைஞரோ இளம்பெண்ணோ இதுவரை எவரும் கேட்டிராத ஓர் ஒலியைத் தேடிக்கொண்டிருக்கலாம். அவருக்கு ஆதரவு தரச் செல்வர் எவரும் வரப்போவதில்லை. அந்தப் பொறுப்பு இப்போது தங்களிடம் இருக்கிறது. மாலை ஆறு மணிக்குத் திறக்கும் ஒரு சமூக நலக்கூடத்தின் சாவி அவருக்குப் போதும்.

இக்கோரிக்கைகளைக் கனிவுடன் பரிசீலித்து, எங்கள் பிரதிநிதிகளை நேரில் அழைத்துப் பேச ஒரு நாள் ஒதுக்கித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இடம்: சென்னை

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர், செயலாளர், பொருளாளர்
மற்றும் சங்க உறுப்பினர்கள்

இணைப்பு: உறுப்பினர்களின் கையொப்பப் பட்டியல், ஒற்றைச் சாளர விண்ணப்பத்துக்கான மாதிரிப் படிவம்.