சாஞ்சியில் கண்ட அமானிதம்

நம் துறை மாணவர்களை அழைத்துக்கொண்டு சாஞ்சிக்குப் புறப்படுமுன், சமுதாயப் பெரியவர் ஒருவர் நம்மிடம் ஒரு வினாவை எழுப்பினார். "தம்பி, பாடத்தில் மணிமேகலை இருக்கிறது, படிக்கிறார்கள், சரி. அதற்காகப் பௌத்தர்களின் இடிபாட்டைப் பார்க்க நம் பிள்ளைகளை அவ்வளவு தொலைவு அழைத்துப் போக வேண்டுமா? அதில் நமக்கு என்ன இருக்கிறது?" வினாவில் பகைமை இல்லை, பிள்ளைகள்மீது கொண்ட அக்கறையே இருந்தது. ஆயினும் அன்று நாம் கூறிய விடை நமக்கே நிறைவளிக்கவில்லை. சாஞ்சியைக் கண்டு திரும்பிய பின் எழுதும் இக்கட்டுரையே அவருக்கு நாம் அளிக்கும் விடையாகும்.

போபாலிலிருந்து ஏறத்தாழ 46 கிலோமீட்டர் தொலைவில், சிறு குன்றொன்றின்மேல் அமைந்துள்ளது பெருந்தூபி. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அசோகர் செங்கல்லால் எழுப்பிய தூபி, அடுத்த நூற்றாண்டில் கல் போர்த்தப்பெற்று ஏறத்தாழ இருமடங்கு பெரிதாயிற்று. இன்று அதன் விட்டம் 120 அடி. உயரம் 54 அடி. நாற்றிசையிலும் சிற்பத் தோரண வாயில்கள் நிற்கின்றன. அவற்றில் புத்தருக்கு மனித உருவம் இல்லை. போதிமரம், அறவாழி, வெற்றிருக்கை, பாதச்சுவடு ஆகியவையே அவரைக் குறிக்கின்றன. மணிமேகலையில் பாதபீடிகையைப் பாடமாகப் படித்த நம் மாணவியர், கல்லில் அப்பாதச்சுவட்டைக் கண்டு பேச்சற்று நின்றனர். தென்வாயிலின் ஒரு பகுதியை விதிசை நகரத்துத் தந்தத் தொழிலாளர் செதுக்கியதாக அங்குள்ள கல்வெட்டே கூறுகிறது. வேலிக் கற்களிலும் தளக் கற்களிலும் பொருள் கொடுத்த எளிய ஆடவர், பெண்டிர், துறவியர் ஆகியோரின் பெயர்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன.

இத்தகைய இடம் எவ்வாறு சிதைந்தது? 1818இல் ஆங்கிலேயத் தளபதி டெய்லர் கண்டபோது தூபியின் குவிமாடம் பெரிதும் முழுமையாக இருந்தது; மூன்று வாயில்கள் நின்றுகொண்டிருந்தன. 1822இல் ஜான்சன் என்ற ஆங்கிலேய அதிகாரி, உள்ளே என்ன இருக்கிறது என்று காணும் ஆவலில், தூபியின் ஒரு பக்கத்தை உச்சி முதல் அடி வரை பிளந்துவிட்டார். அதன் விளைவாக மேலை வாயிலும் சரிந்தது. அசோகர் நிறுவிய கற்றூணையோ அப்பகுதி நிலக்கிழார் ஒருவர் கரும்பு ஆலைக்காக உடைத்தெடுத்தார். பெருஞ்சேதத்தைச் செய்தவை புதையல் வேட்கையும் அறியாமையுமே.

அன்று சாஞ்சி, முஸ்லிம் பெண்ணரசியர் ஆண்ட போபால் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்தது. நன்கு எஞ்சியிருந்த கீழை வாயிலைத் தம் நாட்டு அருங்காட்சியகத்திற்குக் கொண்டுசெல்லப் பிரெஞ்சுக்காரர் ஷாஜஹான் பேகத்திடம் அனுமதி வேண்டினர். ஆங்கிலேயரிலும் அவ்விருப்பம் கொண்டோர் இருந்தனர். முன்னர் ஆண்ட சிக்கந்தர் பேகம் வாயில்களை இங்கிலாந்துக்கு அனுப்ப இசைந்ததும் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. முடிவில் இரு நாட்டாரும் சுதை வார்ப்புகளோடு மனநிறைவு கொண்டனர். மூல வாயில் தன் மண்ணிலேயே நின்றது. ஷாஜஹான் பேகமும், அவருக்குப்பின் 1901 முதல் 1926 வரை ஆண்ட அவர்தம் மகள் சுல்தான் ஜஹான் பேகமும் சாஞ்சியின் பாதுகாப்புக்குப் பொருள் வழங்கினர். 1912 முதல் 1919 வரை ஜான் மார்ஷல் சரிந்தவற்றை நிமிர்த்திச் சீரமைத்தார். அங்கு அருங்காட்சியகம் எழவும் சுல்தான் ஜஹான் பேகமே நிதி அளித்தார். மார்ஷல் சாஞ்சி குறித்த தம் நூலை அவருக்கே காணிக்கையாக்கினார்.

இதே அம்மையார்தாம் 1920இல் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் முதல் வேந்தரானவர். மார்க்கப் பற்றில் அவர் எவருக்கும் இளைத்தவரல்லர். தம் ஆட்சிக்குள் இருந்த பிற சமயத்தார் செல்வத்தைக் காத்ததனால் அவருடைய ஈமான் அணுவளவும் குறையவில்லை. நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பொருள் யாருடையது என்று பார்த்து அமானிதத்தைப் பேணுவதில்லை. ஒப்படைக்கப்பட்டது என்பதனாலேயே பேணுகிறோம். சைவச் சூழலில் கல்வி கற்ற உ.வே. சாமிநாதையர், 1898இல் பௌத்தக் காப்பியமான மணிமேகலையைப் பதிப்பித்துக் காத்தளித்ததும் இத்தகைய பணியே. அவர் அதனைப் பிறர் நூல் என ஒதுக்கியிருப்பின், இன்று நம் வகுப்பறையில் அந்நூல் ஏது?

இங்கு நம் குறை ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நம் பாட்டனார் வீட்டில் அரபுத்தமிழ் ஏடுகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. மக்கிய தாள்களிலும் புனிதச் சொற்கள் இருக்குமே என்ற மரியாதையால், அவற்றை மூட்டையாகக் கட்டி ஆற்றில் விட்டனர். அன்று சிறுவராய் நாமும் உடன் சென்றோம். அவற்றுள் எத்தனை கிஸ்ஸாக்கள், எத்தனை மாலைகள் இருந்தனவோ! சாஞ்சியை ஆசை பிளந்தது. நம் வீட்டு ஏடுகளை மரியாதையே மூழ்கடித்தது. அறியாமை எவ்வடிவில் வந்தாலும் இழப்பு ஒன்றுதான்.

ஆகவே மாணவச் செல்வங்களே, விடுமுறையில் ஊர் செல்லும்போது உங்கள் வீட்டுப் பரணை ஒருமுறை பாருங்கள். பழைய ஏடு கிடைத்தால் ஆற்றில் விடாமல் துறைக்குக் கொண்டுவாருங்கள். ஊர்ப்புறத்தில் எச்சமயத்தாருடைய கல்வெட்டோ சிலையோ கிடந்தாலும், அதன்மேல் துணி துவைக்கவும் கத்தி தீட்டவும் விடாதீர்கள்.

பெரியவர் வினவினார், அதில் நமக்கு என்ன இருக்கிறது என்று. ஐயா, பௌத்தர்களின் தூபியில் நம் அரசியர் பேணிய அமானிதம் இருக்கிறது. அதைக் காட்டவே பிள்ளைகளை அழைத்துச் சென்றோம்.