செத்தால் பாதி, படுத்தால்?

நூற்பாலையில் இருபது வருஷத்துக்கு மேல் உழைத்து 58 வயதில் வெளியே வந்த ஒரு தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். மாதம் 2,400 ரூபாய் பென்ஷன். எடப்பாடியில் வாடகை வீடு. மனைவி தறிப் பட்டறைக்குத் தார் சுற்றிக் கொடுத்து நாலு காசு சேர்க்கிறார். ஒருநாள் அந்தத் தொழிலாளிக்குப் பக்கவாதம் வந்து ஒரு கையும் காலும் விழுந்துவிடுகின்றன. தூக்கி உட்கார வைக்கவே இரண்டு ஆள் வேண்டும். மகனோ திருப்பூரில் பனியன் கம்பெனியில். கடைசியில் ஒரு காப்பகத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். காப்பகம் மாதப் பணம் கேட்கிறது. பென்ஷன் மொத்தமும் அங்கே போகிறது. வீட்டில் மிஞ்சிய அம்மாளுக்கு என்ன வழி?

இப்படிப்பட்ட தாய்மார்கள் சங்க அலுவலகத்துக்கு வந்து கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "அவர் பென்ஷனில் எனக்குன்னு சட்டப்படி ஏதாச்சும் உண்டுங்களா?"

இல்லை என்றுதான் நாம் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. 1995-ம் வருஷத் தொழிலாளர் பென்ஷன் திட்டம் சாவை அறியும். பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்தவர் இறந்தால் மனைவிக்கு அதில் பாதி உண்டு. நாம் சொன்ன தொழிலாளி நாளைக்கே கண்ணை மூடினால் அந்த அம்மாளுக்கு 1,200 ரூபாய் வரும். அவர் உயிரோடு காப்பகக் கட்டிலில் கிடக்கும் வரை மனைவிக்கென்று தனிப் பங்கு ஒரு பைசா கிடையாது. புருஷன் செத்தால்தான் பெண்டாட்டி பிழைக்கலாம் என்று ஒரு திட்டம் வைத்திருக்கிறார்கள்! இது யார் மூளையில் உதித்ததோ, நமக்குத் தெரியாது.

அந்தப் பணம் யாருடையது? முதலாளி சம்பளத்தில் 8.33 சதவீதம் கட்டுகிறார், மத்திய சர்க்கார் 1.16 சதவீதம் சேர்க்கிறது. முதலாளி கட்டுவதும் தொழிலாளி உழைப்பில் விளைந்ததுதான். அந்த உழைப்பில் விடிவதற்கு முன் எழுந்து முதல் ஷிப்டுக்குச் சோறு கட்டிக் கொடுத்தவளுக்குப் பங்கில்லையா?

"ஜீவனாம்சம் கேட்கலாமே" என்பார்கள் வக்கீல்கள். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவாக இருந்தது, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 144-வது பிரிவு. அது என்ன சொல்கிறது? வசதி இருந்தும் மனைவியைக் கவனிக்க மறுக்கிற, புறக்கணிக்கிற புருஷன்மேல் உத்தரவு போடலாம் என்கிறது. வாய் கோணிப் படுத்திருக்கும் மனிதர் யாரை மறுத்தார்? நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவரைக் குற்றவாளியாக்கித்தான் அரைவயிற்றுச் சோறு வாங்க வேண்டுமா? எந்தப் பெண்ணும் இதற்குச் சம்மதிக்க மாட்டாள்.

2007-ல் வந்த மூத்த குடிமக்கள் சட்டத்தின்படி பிள்ளைகள்மேல் கோட்டாட்சியர் தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம். மாதம் 10,000 ரூபாய் வரை வாங்கித் தரலாம் என்று சட்டத்தில் இருக்கிறது. வசதியுள்ள பிள்ளைகள் கைவிட்டிருந்தால் தாராளமாகப் போடுங்கள், சங்கம் எழுதித் தரும். ஆனால் பட்டறைக்காரரிடம் முன்பணம் வாங்கி அதை அடைக்க முடியாமல் இரவு ஷிப்டு ஓட்டும் மகனிடம் எதைப் பிடுங்குவது? அதே சட்டத்தின் 19-வது பிரிவைப் பாருங்கள். மாவட்டத்துக்கு ஒன்றாவது, 150 ஏழை முதியோர் தங்கும் இல்லம் மாநில சர்க்கார் "அமைக்கலாம்" என்கிறது. அமைத்தே தீர வேண்டும் என்று எழுத அவர்களுக்குக் கை வரவில்லை. அந்த ஒரு சொல்லுக்குள்தான் தனியார் காப்பகங்களின் மாத வசூல் ஒளிந்திருக்கிறது.

மில் தொழிலாளி கதியே இப்படியென்றால், கொங்கணாபுரம் ஏலத்துக்குப் போகும் பருத்தியை வெயிலில் நின்று எடுத்துக் கொடுத்தவரின் கதி? நாலு தறி, எட்டு தறி ஓடும் பட்டறையில் நெய்தவரின் கதி? 20 பேருக்குக் குறைந்த இடத்தில் வருங்கால வைப்புநிதிச் சட்டம் கட்டாயமில்லை. அதனால் அவர்களுக்கு இந்தப் பென்ஷனே கிடையாது. முதியோர் பென்ஷன்தான் கதி. நம் மாநிலத்தில் 1962-ல் 20 ரூபாயில் ஆரம்பித்த அது 2023-ல் 1,200 ரூபாயாயிற்று. இதில் மத்திய சர்க்காரின் பங்கு, 80 வயதுக்கு உட்பட்டவருக்கு, 2007-ல் 200 ரூபாய். 2025-லும் அதே 200 ரூபாய்! அரிசி விலையும் எண்ணெய் விலையும் அப்படியேவா நின்றன?

இங்கிலாந்தைப் பாருங்கள். அது முதலாளித்துவ நாடுதான், அங்கும் முதியோர் பராமரிப்புச் செலவு குடும்பங்களை நசுக்குகிறது. ஆனாலும் புருஷன் காப்பகத்துக்குப் போனால், அவருடைய வேலைப் பென்ஷனில் பாதியை வீட்டிலிருக்கும் மனைவிக்குக் கொடுத்துவிடலாம். காப்பகக் கட்டணம் கணக்கிடும்போது அந்தப் பாதியைத் தொடமாட்டார்கள். மனைவி குடியிருக்கும் வீட்டையும் சொத்துக் கணக்கில் சேர்க்கமாட்டார்கள். மனைவி காப்பகத்துக்குப் போய்ப் புருஷன் வீட்டில் தங்கினாலும் இதே விதிதான். அங்கே சாத்தியமானது இங்கே ஏன் சாத்தியமில்லை?

படுத்துவிட்டவரின் பென்ஷனில் பாதி, அவர் உயிரோடு இருக்கும்போதே, துணைக்குத் தனிக் கணக்கில் வர வேண்டும். 2014 செப்டம்பரில் 1,000 ரூபாய் என்று நிர்ணயித்த குறைந்தபட்சப் பென்ஷன் உயர வேண்டும். ஆயிரத்தில் பாதி என்றால் யாருக்கும் வயிறு நிறையாது. தாலுகாதோறும் சர்க்கார் செலவில் இல்லம் வேண்டும்.

அதுவரை கையில் இருப்பதை நழுவ விடக்கூடாது. கணவர் பாங்கிக்கு வர முடியாவிட்டால் பணம் முடங்கிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். ரிசர்வ் பாங்கின் விதி வேறு. கைநாட்டு வைக்க முடிந்தால் அது போதும். அதுவும் முடியாதவர் ஏதாவது ஒரு குறி வைத்தால் போதும். இரண்டு சாட்சிகள் வேண்டும், அதில் ஒருவர் பாங்கி அதிகாரி. 70 வயது தாண்டியவருக்கும் நோயாளிக்கும் வீடு தேடி வந்து சேவை செய்யச் சொல்லி 2017 நவம்பரிலேயே உத்தரவு போட்டிருக்கிறது. மானேஜர் முடியாது என்றால் எழுதித் தரச் சொல்லுங்கள். உயிர்ச் சான்று கொடுத்த நாளிலிருந்து 12 மாதம் செல்லும். முகத்தைக் காட்டிப் போனிலேயே பதிவு செய்யலாம், காப்பகத்துக்கே ஒரு தோழர் போய் முடித்துவிடலாம். இஎஸ்ஐயில் ஐந்து வருஷமாவது இருந்து வயதாகி ஓய்வு பெற்றவர் வருஷம் 120 ரூபாய் கட்டினால் அவருக்கும் மனைவிக்கும் மருத்துவம் உண்டு. ஆள் காப்பகத்துக்குப் போன அவசரத்தில் இந்த 120 ரூபாயைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

முதியோர் பென்ஷன் வாங்குகிறவர் காப்பகத்துக்குப் போனால் அந்த விலாசத்தைத் தாலுகா அலுவலகத்தில் எழுத்து மூலம் கொடுத்து ரசீது வாங்கி வையுங்கள். "ஆள் ஊரில் இல்லை" என்று யாரும் ஒரு வரி எழுதி நிறுத்திவிட இடம் கொடுக்க வேண்டாம்.

பென்ஷன் உத்தரவு நகல், பாங்கிப் புத்தகம், காப்பக ரசீது இவற்றோடு சங்கத்துக்கு வாருங்கள். கோரிக்கை மனுவில் வீட்டிலிருக்கும் தாய்மார்களின் கையெழுத்துதான் முதலில் இருக்க வேண்டும்.